பால் திரிந்த வழக்கு

ஒரு சமையலறையில் ஒரே வாரத்தில் மூன்று நாள் பால் திரிந்துபோனது. உடனே சமையல் மேடையில் பஞ்சாயத்து கூடிவிட்டது. குக்கர்தான் தலைவர். அது மூன்று விசில் அடித்துவிட்டால் தீர்ப்பு வெந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. அந்த வீட்டுச் சட்டம் அப்படி.

“எல்லாம் இந்த எலுமிச்சை பண்ணின வேலை!” என்று கரண்டி குதித்தது. “புளிப்பு அதோட ரத்தத்திலேயே இருக்கு. பாலுக்கு நியாயம் வேணும்! தூக்கிக் குப்பைக்கூடையில போடுங்க!”

எண்ணெய் காய்வதற்கு முன்பே கடுகுகள் பொரிய ஆரம்பித்தன. “போடுங்க! போடுங்க!”

எலுமிச்சை சுற்றும் முற்றும் பார்த்தது. கூட்டத்தில் ஒருவர் முகமும் அதன் பக்கம் திரும்பவில்லை.

ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த டீ வடிகட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. எலுமிச்சையாகத்தான் இருக்கும் என்று முதலில் அதுவும் நினைத்ததுதான். ஆனால் எது வந்தாலும் சக்கை வேறு சாறு வேறு என்று பிரித்துப் பார்த்தே பழகிப்போன உடம்பு. சும்மா இருக்க விடுமா?

“குக்கர் ஐயா, ஒரே ஒரு கேள்வி. முதல்ல பால் திரிஞ்சது என்னைக்கு?”

“செவ்வாய்க்கிழமை.”

“எலுமிச்சை மார்க்கெட்லேர்ந்து வந்தது?”

“வியாழக்கிழமை.”

உடனே ஒரு கடுகு எழுந்து, “பாத்தீங்களா! வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சதி பண்ணியிருக்கு!” என்றது. கைதட்டல் என்றால் கைதட்டல், அப்படி ஒரு கைதட்டல்! வடிகட்டிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

“சரி, சோதிச்சே பாத்துடலாம். இன்னைக்கு வந்த பாலைப் பாதியாப் பிரிங்க. பாதி வழக்கம்போலப் பால் பாத்திரத்துல. மீதி அலுமினியக் குண்டான்ல. குண்டான் பக்கத்துலயே எலுமிச்சை உக்காரட்டும்.”

குக்கர் அரைமனதாகத் தலையாட்டியது. இரண்டு அடுப்பும் எரிந்தன. எலுமிச்சை கண்ணை இறுக மூடிக்கொண்டது. குண்டானில் பால் பொங்கி நுரை தள்ளியது. பால் பாத்திரத்திலோ கட்டி கட்டியாகத் திரிந்து நின்றது.

பால் பாத்திரம் லேசுப்பட்ட ஆள் இல்லை. ‘பர்வதவர்த்தினி’ என்று மேலே பேர் வெட்டிய எவர்சில்வர். மற்ற பாத்திரங்களைத் தேய்க்கும் தேங்காய்நார் அதைத் தொடக் கூடாது. தண்ணீரில் ஒரு அலசு, அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான்.

“பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க” என்று வடிகட்டி மெதுவாகக் குனிந்து விளிம்பு மடிப்பைப் பார்த்தது. உள்ளே மஞ்சளாக, பிசுபிசுவென்று பழைய பால் காய்ந்து அப்பியிருந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

“இதோ இருக்கு! இதுதான் திரிய வைக்குது. நாரைக் கூப்பிட்டு ஒரு தடவை நல்லா தேய்ச்சா சரியாப் போயிடும்.”

ஐயோ, அப்போது எழுந்த கூச்சலைக் கேட்க வேண்டுமே! அழுக்கைப் பார்த்து அல்ல, வடிகட்டி குனிந்து பார்த்ததைப் பார்த்து.

“பெரியம்மா விளிம்பைத் தூக்கிப் பாத்துட்டான்!”

“நார் தொடணுமாமே! கேட்டீங்களா அநியாயத்தை!”

பால் பாத்திரம் லேசாக விசும்பியது. அது போதுமே!

குக்கர் நீளமாக ஆவி விட்டது. “யார் மனசும் நோகாம ஒரு தீர்ப்பு சொல்றேன். எலுமிச்சை குற்றவாளி இல்ல. ஆனாலும் ஊர் வாய்க்குப் பயந்து அது ஜன்னலுக்கு வெளியே இருக்கட்டும். வடிகட்டி இனிமே பெரியம்மா கிட்டயே வரக் கூடாது. பெரியம்மாவை இனிமே ஒரு தடவைக்கு ரெண்டு தடவை அலசுவோம், மரியாதையோட.”

மூன்று விசில்.

“தலைவரே, உள்ள அரிசியே போடலையே, விசில் மட்டும் எப்படி வருது?” என்று வடிகட்டி கேட்டது. யார் காதிலும் விழவில்லை. கடுகுகள், “பாலுக்கு நியாயம் கிடைச்சாச்சு!” என்று மேடை முழுக்க உருண்டு கொண்டாடின.

மறுநாள் காலை புதுப் பால் வந்தது. பாக்கெட்டின் மூலையைக் கிழித்து, பர்வதவர்த்தினியின் மேல் சாய்த்தார்கள். பால் எட்டிப் பார்த்தது. நாற்றம் மூக்கில் ஏறியது.

“எனக்காக இத்தனை பேர் நியாயம் கேட்டீங்களே,” என்றது பால். “ஒருத்தராவது தேய்ச்சுக் கழுவின பாத்திரம் ஒண்ணு கேட்டிருக்கக் கூடாதா?”