நீலப்பூக் கோப்பைகள்

“கூடுதலா இதையெல்லாம் சேர்க்கணுமா, வேண்டாமா? இன்னிக்குள்ள ஏஜென்ட்டுக்குச் சொல்லணும், அம்மா” என்றார் சபாபதி.

வீட்டுப் பொருள்களுக்கு இன்சூரன்ஸ் எடுக்கிறார். தீக்கும் திருட்டுக்கும் முடிவாகிவிட்டது. கூடுதல் பாதுகாப்புகள்தாம் அவரைத் தூங்கவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பணம்.

குரு மங்கையம்மா அவரைவிட வயதில் சிறியவர். அன்றுதான் முதல்முறையாகச் சீடர் வீட்டுக்கு வந்திருந்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா, அவர் உட்கார்ந்ததும் சரசரத்தது.

“என்னென்ன?”

“வெளியே போட்டுட்டுப் போற நகை தொலைஞ்சா, அதுக்கு ஒண்ணு.”

“நகை எங்கே?”

“பேங்க் லாக்கர்ல.”

“வேண்டாம்.”

“சாவி தொலைஞ்சா, பூட்டு மாத்தித் தர்றதுக்கு ஒண்ணு.”

“சாவி எங்கே?”

சபாபதி சட்டையைத் தூக்கி அரைஞாண் கயிற்றைக் காட்டினார். கொத்தாகத் தொங்கியது.

“வேண்டாம். அடுத்தது?”

“கைதவறி உடைஞ்சா.” கண்ணாடி அலமாரியைக் காட்டினார். உள்ளே நீலப்பூ போட்ட பீங்கான் கோப்பைகள், ஆறு. “செண்பகத்தோட அண்ணன் கப்பல் வேலையில இருந்தப்ப வாங்கிட்டு வந்தது. இனிமே கிடைக்காது.”

“யார் கை தவறும்?”

“யாரும் தொட மாட்டாங்க. பூட்டியிருக்கு.”

“அப்ப அதுவும் வேண்டாம்.”

சபாபதிக்கு நெஞ்சு லேசானது. உடனே ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, எதுவும் வேண்டாம் என்றார். “யோசிங்க சார், கொஞ்ச நேரத்துல மறுபடி கூப்பிடறேன்” என்றான் அவன்.

சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி செண்பகம் அலமாரி அருகே வந்தாள்.

“எனக்குன்னுதான் அண்ணன் கொடுத்தாரு. ஒரு வாய் டீ இதுல குடிச்சதில்லை, அம்மா.”

சொல்லிவிட்டு முந்தானையால் அலமாரிக் கண்ணாடியைத் துடைத்தாள்.

“எனக்கு டீ வேணும்” என்றார் குரு.

“எவர்சில்வர் டம்ளர்ல கொண்டு வா” என்றார் சபாபதி அவசரமாக.

குரு அலமாரியைப் பார்த்தார். பிறகு சீடரின் இடுப்பைப் பார்த்தார்.

சாவியைக் கழற்றச் சபாபதிக்கு வெகுநேரம் ஆனது.

மூன்று கோப்பைகளில் டீ வந்தது. சபாபதி இரண்டு கையாலும் ஏந்தியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஏங்க, பச்சைப் பிள்ளையையா பிடிச்சிருக்கீங்க? குடிங்க.”

குடித்தார்.

“டீ நல்லா இருக்கே!”

“தினமும் போடறதுதான்” என்று சொல்லி, செண்பகம் விழுந்து விழுந்து சிரித்தாள். சபாபதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது.

“சார், எதுவும் வேண்டாம்தானே? முடிச்சிடவா?”

செண்பகம் ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தாள். “கோமதி, டீ குடிக்க வாடி! உன் மாமியாரையும் கூட்டிட்டு வா!” மீதி மூன்று கோப்பைகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, ஒரே கையில் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

சபாபதி கத்துவதற்கு வாயைத் திறந்தார். குருவைப் பார்த்தார். குரு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“உடையறதுக்கு மட்டும் போட்டுடுங்க” என்றார் போனில்.

“இப்பதானே சார் வேண்டாம்னீங்க?”

“இப்ப அதுல டீ குடிக்கிறோம்.”