முறுக்குக்கு எது முதல் பொருள்?

"அம்மா, ஆபத்சகாயத்துக்கு நீங்கதான் புத்தி சொல்லணும். இல்லேன்னா அகராதி போச்சு!"

பொன்னம்பலப் புலவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டார். கோபம் வந்தால் அவருக்கு வணக்கம்கூட மறந்துபோகும்.

மலையடி ஆசிரமத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சிவஞானத்தம்மை நிமிரவில்லை. வயதில் புலவரைவிடப் பத்து வருஷம் சின்னவர். ஆனாலும் அவருக்கும், அவரோடு சேர்ந்து அகராதி எழுதும் ஆபத்சகாயத்துக்கும் குரு இவர்தான்.

"எந்தச் சொல்லில் சண்டை?"

"முறுக்கு."

"தின்கிறதா?"

"அதுவும்தான். மீசையை முறுக்குறாங்க. துணியை முறுக்கிப் பிழியுறாங்க. சம்பந்தி முறுக்கிக்கிட்டாருங்கிறாங்க. எல்லாத்துக்கும் முதல் பொருள் கயிறு முறுக்குறதுதான்னு நான் சொல்றேன். அவன் ஒத்துக்கல. வயிறு முறுக்கி வலிச்சவன்தான் இந்தச் சொல்லையே முதல்ல சொல்லியிருப்பானாம்!"

"அட, இருக்குமோ?" அம்மை இப்போதுதான் நிமிர்ந்தார். "அப்புறம்?"

"அப்புறமென்ன, பாதி ஏட்டைத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிட்டான். ரெண்டு பேரும் ஒப்பாத சொல்லை ஏத்தக் கூடாதுன்னு எங்களுக்குள்ள விதி. பன்னிரண்டு வருஷ உழைப்பும்மா, வயிறு எரியுது. நான் சொன்னா 'சரி'ங்கிற ஆளா அவனை மாத்திக் குடுங்க."

"ஆகட்டும். அதுக்கு முன்னாடி கிணத்துக்கு ஒரு கயிறு திரிச்சுக் குடுங்க."

முறுக்கி வைத்திருந்த இரண்டு தென்னைநார்ப் புரிகளை அம்மை எடுத்துக் கொடுத்தார்.

புலவர் உட்கார்ந்தார். புரிகள் அடங்கவில்லை. ஒன்றைப் பிடித்தால் மற்றது துள்ளிச் சுருண்டது.

"சனியன், சொன்ன பேச்சைக் கேக்குதா பாருங்க!"

இரண்டிலும் இருந்த முறுக்கை அவிழ்த்துத் தளர்த்தினார். இப்போது சாதுவாகக் கிடந்தன. சேர்த்துத் திரிக்க மதியம்வரை ஆயிற்று. வாளியில் கட்டிக் கிணற்றில் இறக்கினார்.

பாதி வழியில் நார் நாராக உருவிக்கொண்டு வந்தது. தொபுக்கென்று வாளி உள்ளே போய்விட்டது.

புலவர் கையில் மிஞ்சிய நாரைப் பார்த்தார். அம்மை சிரித்தார், கொஞ்சம் அதிகமாகவே.

"இந்தாங்க, இதைப் பாருங்க."

அம்மை வேறு இரண்டு புரிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் வலப்பக்கமாக இன்னும் இறுக முறுக்கினார். இரண்டும் விறைத்துத் துள்ளின. துள்ளத் துள்ள அவற்றைச் சேர்த்து இடப்பக்கமாகத் திரித்தார். ஒரு முழம் ஆனதும் நீட்டினார்.

"பிடிச்சுக்கிட்டு, ஒரு முனையை விட்டுப் பாருங்க."

புலவர் விட்டார். கயிற்றின் முறுக்கு அப்படியே நின்றது. உதறினார், இழுத்தார். அவிழவில்லை.

"இது ஏன் அவிழல?"

"ரெண்டும் அவிழத்தான் பாக்குது. அதான் ஒண்ணையொண்ணு இறுக்குது."

புலவர் கயிற்றைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து செருப்பைத் தேடினார்.

"எங்கே, புலவரே?"

"ஆபத்சகாயம் வீட்டுக்கு."

"மறுபடியும் சண்டைக்கு வருவாரே?"

"வரணும்மா. வராம 'சரி'ன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னுதான் பயமா இருக்கு."