கொசு விழுங்கிய நேரம்

ஆலங்குட்டையில் சின்னத் தவளைகள் வாழ்ந்தன. குட்டையின் மேலிருந்த காற்று யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் வந்து கத்தலாம். ஒரே ஒரு வழக்கம் உண்டு. கத்துமுன் ஒரு மூச்சு நேரம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வேறு குரல் கேட்டால் பொறுக்க வேண்டும். அது ஓய்ந்ததும் கத்திவிட்டு, சீக்கிரம் முடித்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்து ஏரி முழுவதும் பெருந்தவளைகளுக்கே சொந்தம். அங்கே கூட்டம் பெருகி, ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்காமல் போயிற்று. அதனால் மத்தளம் என்ற பெருந்தவளை, பெண் தேடிக் கத்துவதற்குக் குட்டைக்கு வந்தது. நடுக்கல்லில் ஏறி உட்கார்ந்து ஓயாமல் கத்தியது.

சின்னத் தவளைகள் வழக்கப்படி காத்திருந்தன. அது ஓய்ந்தால்தானே! மூன்று நாள் அப்படியே போயிற்று. இவர்களுக்குப் பேச ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று நினைத்த மத்தளம், இன்னும் ஓங்கிக் கத்தியது.

நான்காம் நாள் காலை, செவந்தி என்ற சின்னத் தவளையின் ஏழு பிள்ளைகளும் கரையோரம் விளையாடின. அவற்றுக்கு வால் மறைந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. அப்போது கோரைப்புல்லுக்குள் ஒரு கொக்கு மெல்ல மெல்ல நடந்து வந்தது. செவந்தி வழக்கத்தை மீறிக் கத்தியும் பார்த்தது. மத்தளத்தின் சத்தத்தில் அதன் குரல் அதற்கே கேட்கவில்லை.

நல்லவேளையாக மத்தளத்தின் மூக்கருகே ஒரு கொசு வந்தது. மத்தளம் அதை லபக்கென்று விழுங்கியது. விழுங்கும்போது கத்த முடியுமா?

"கொக்கு!" என்றது செவந்தி.

ஏழும் தொபுக்கென்று தண்ணீரில் குதித்தன. ஏமாந்த கொக்கு நடுக்கல்லின் மேல் பாய்ந்தது. மத்தளம் பின்புறத்தில் ஒரு கீறலோடு தப்பியது.

கொக்கு பறந்து போனதும் மத்தளம் பாசிக்குள்ளிருந்து தலை நீட்டி, "முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டது.

"நீங்க எப்ப வாயை மூடுனீங்க அண்ணே?" என்றது செவந்தி.

மத்தளத்துக்கு வெட்கமாகிவிட்டது. வாயைத் திறக்கவில்லை. அந்த அமைதியில் அல்லி இலைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் தவளையின் குரல் வந்தது.

"மூணு நாளா பதில் சொல்லிக்கிட்டே இருக்கேன். உமக்குக் காது இருக்கா, இல்லையா?"

குட்டையே சிரித்தது. அன்று முதல் மத்தளமும் ஒரு மூச்சு நேரம் கேட்டுவிட்டுத்தான் கத்தியது. பெரிய குரலும் சின்னக் குரலும் மாறி மாறி ஒலித்ததில், மத்தளத்துக்கும் அந்தப் பெண் தவளைக்கும் நடந்த கல்யாணத்துக்குத் தனியாக மேளம் தேவைப்படவில்லை.

தவளையானாலும், செல்போன் கோபுரமானாலும், வீட்டு வைஃபை பெட்டியானாலும், எல்லோருக்கும் பொதுவான காற்றிலோ அலைவரிசையிலோ முதலில் கேட்டுவிட்டுப் பேசினால்தான் எல்லோர் பேச்சும் போய்ச் சேரும். நமக்கு வரும் பதிலும் காதில் விழும்.