தட்டாங்கல் ஆடின அண்ணாவி

ஒரு ஊர்ல, ஊருன்னா பெரிய ஊரு இல்ல, ஏழு புளியமரமும் ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிற ஊரு, அங்க சொர்ணத்தாய்னு ஒருத்தி இருந்தா. புளி விக்கிறவ. சந்தையில அவ பேரம் பேச ஆரம்பிச்சா, எதிர்ல நிக்கிறவன் சரக்கை அவ கேட்ட விலைக்கே குடுத்து, அதைச் சுமந்துட்டு வந்து வீட்டுல எறக்கியும் வச்சுட்டுப் போவான். கோவமோ மூக்கு நுனியிலயே இருக்கும். ஆனா எழுத்து மட்டும் தெரியாது. எவனோ நீட்டின ஓலையில என்ன இருக்குன்னு தெரியாமலே கீறல் போட்டுக் குடுத்து, தன் சொந்தப் புளியமரத்தையே பறிகொடுத்தவ அவ. அதனால மக உலகியைக் கையோட கூட்டிட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்துல சேர்த்தா. "எம்மவ படிச்சுப் பார்த்துட்டுத்தான் கை வைப்பா"ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அம்பலவாணர்னு ஒரு அண்ணாவி. அண்ணாவின்னா அந்தக் காலத்து வாத்தியாரு. கையில எந்நேரமும் பிரம்பு இருக்கும். எழுத்தாணியை அவரு பிடிச்சு யாரும் பார்த்ததில்ல. இதை மனசுல வச்சுக்கிடுங்க பிள்ளைகளா, பின்னால வரும்.

ஒரு நாள் அரண்மனைச் சேவகன் வந்தான். "ரெண்டாவது அமாவாசைக்கு ராஜா வர்றாரு, பிள்ளைங்க ஓலை எழுதுறதைப் பார்க்கப் போறாரு"ன்னு சொல்லிட்டுப் போனான். அவ்வளவுதான், அண்ணாவிக்குக் கால் தரையில நிக்கல. பிள்ளைங்ககிட்ட இருந்து தட்டாங்கல்லைப் பிடுங்கினாரு, பல்லாங்குழியைப் பிடுங்கினாரு, பம்பரத்தைப் பிடுங்கினாரு, எல்லாத்தையும் பெட்டியில போட்டுப் பூட்டினாரு. "ஆடுற கைக்கு எழுத்து வராது. இனிமே விடிஞ்சதுல இருந்து அடையுற வரைக்கும் எழுத்துத்தான்"னாரு.

பனையோலையில எழுதுறது லேசுப்பட்ட காரியமா? அழுத்தினாக் கிழியும், அழுத்தாட்டி எழுத்து விழாது. உலகி எழுதினா எழுதினா, எழுதிக்கிட்டே இருந்தா. முதல் வாரம் ஒரு ஓலை கிழிஞ்சுது, ரெண்டாம் வாரம் அஞ்சு கிழிஞ்சுது, மூணாம் வாரம் கட்டே கிழிஞ்சுது. அண்ணாவி சொர்ணத்தாயைக் கூப்பிட்டு விட்டாரு.

"உம்மவ கை வெறும் வெண்ணெய்ம்மா. ராஜா முன்னால ஒரு ஓலை கிழிஞ்சாலும் இவளுக்கு இங்க இடம் கிடையாது. புளிதான் உடைக்கணும்."

சொர்ணத்தாய்க்கு மூக்கு சிவந்துட்டு. விறுவிறுன்னு வீட்டுக்கு வந்தா, வந்து மகளைப் பிடிச்சுக்கிட்டா. "ஏட்டி, ஒழுங்கா எழுதுறதுக்கு என்ன கேடு? இந்தா, புளியில கொட்டை எடு, கையாவது உரம் ஏறட்டும்"னு கூடையைத் தள்ளினா.

உலகி கொட்டை எடுக்க உட்கார்ந்தா. கால் கூடை ஆகல, விரலு மடங்க மாட்டேங்குது. சொர்ணத்தாய் பார்த்தா. இன்னும் கொஞ்சம் பார்த்தா.

"ஏட்டி, போன மாசம் முழுக் கூடையை ஒத்தையா முடிச்சுட்டு விளையாட ஓடினியே, இப்ப என்ன வந்துது?"

"விளையாட விட்டாத்தானே ஆத்தா. கையி கம்பு மாதிரி விறைச்சுப் போச்சு."

அதைக் கேட்டதும் சொர்ணத்தாய்க்குப் பொறி தட்டிட்டு. தட்டாங்கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடிச்ச கை, பல்லாங்குழியில முத்து முத்தா விட்ட விரலு, பம்பரத்துக்குச் சாட்டை சுத்தின மணிக்கட்டு. அதுதானே எழுத்தாணி பிடிக்குது, வேற கையா வந்து பிடிக்குது? நேரா அண்ணாவிகிட்டப் போய் நின்னா.

"பெட்டியைத் திறங்க."

"முடியாது."

"தட்டாங்கல்லையாவது குடுங்க."

"முடியாது."

"ஒரு கல்லு?"

"அரைக் கல்லு கூட முடியாது, போம்மா."

"நல்லதாப் போச்சு"ன்னு திரும்பிட்டா. தான் புளி காயப்போடுற களத்துல பதினாலு குழி தோண்டினா, புளியங்கொட்டையை முத்தாக்கினா. ஆத்துல இருந்து அஞ்சு கல்லு பொறுக்கினா. தச்சன்கிட்ட அரைத் தூக்குப் புளிக்குப் பத்துப் பம்பரம் வாங்கினா, பதினொண்ணாவதைக் கொசுறுன்னு எடுத்துக்கிட்டா. உலகி காலையில கல்லு, மத்தியானம் குழி, சாயங்காலம் பம்பரம்னு ஆடினா, நடுநடுவுல எழுதினா. மத்த பிள்ளைங்க சும்மா இருக்குமா? ஒண்ணு தண்ணி குடிக்கப் போறேன்னு வந்துது, ஒண்ணு வயித்து வலின்னு வந்துது, ஒண்ணு முதல்ல போன ரெண்டையும் தேடப் போறேன்னு வந்துது. பள்ளிக்கூடம் காலி.

அண்ணாவி பிரம்போட களத்துக்கு ஓடி வந்தாரு. சொர்ணத்தாய் குறுக்க நின்னா.

"பேரம் பேசலாம் அண்ணாவியாரே. ராஜா முன்னால உலகி ஓலை கிழிஞ்சா, அவ பள்ளிக்கூடத்துப் பக்கமே வரமாட்டா, இந்தக் களமும் உமக்கு. கிழியலன்னா, நீரு ராஜா முன்னால உக்காந்து தட்டாங்கல் ஆடணும்."

அண்ணாவி சிரிச்சாரு. "சரிம்மா. களத்தைப் பெருக்கி வையி."

அமாவாசையும் வந்துது, ராஜாவும் வந்தாரு, ஊரே கூடிட்டு. அண்ணாவி ஒரு வேலை பண்ணினாரு, கேளுங்க. மத்த பிள்ளைங்களுக்குப் பதமான ஓலை, உலகிக்கு மட்டும் வெயில்ல காஞ்சு முறுகின ஓலை. தொட்டா நொறுங்கும். உலகி இடது கட்டை விரலால ஓலையைத் தடவினா. விரலுக்குத் தெரிஞ்சு போச்சு. குழியில முத்து விடுற மாதிரி எழுத்தாணியை மெதுவா இறக்கினா, அதே கட்டை விரலால ஓலையைத் தள்ளித் தள்ளி எழுதினா. ஒரு வரி முடிஞ்சுது. ரெண்டு வரி முடிஞ்சுது. மூணாவது வரி ஓலையோட ஓரம் வரைக்கும் போய் நின்னுது. ஒரு கீறு விடல.

ராஜா ஓலையை வாங்கி வளைச்சுப் பார்த்தாரு, அது படக்குன்னு ஒடிஞ்சுது.

"இந்த முறுகின ஓலையிலயா எழுதினே? இதை யாரு குடுத்தா?"

உலகி அண்ணாவியைப் பார்த்தா. ஊரும் பார்த்துது.

"நீரு பெரிய எழுத்தாளியாத்தான் இருக்கணும். இதே கட்டுல ஒரு வரி எழுதும்"னாரு ராஜா.

அண்ணாவி எழுத்தாணி தொட்டு எத்தனை வருசமோ. முதல் ஓலை கிழிஞ்சுது. ரெண்டாவதுல ஓட்டை விழுந்துது. மூணாவதுல எழுத்தாணி ஓலையைத் தாண்டி அவரு வேட்டியிலயே எழுதிட்டு.

"பேரம் பேரம்தான் அண்ணாவியாரே, உக்காரும்"னு சொர்ணத்தாய் அஞ்சு கல்லை முன்னால வச்சா. பேரத்தைக் கேட்டு ராஜா வயிறு குலுங்கச் சிரிச்சாரு. அண்ணாவி ஒண்ணைத் தூக்கிப் போட்டாரு, அது நேரா அவரு மண்டையில விழுந்துது. "இவரு கை உரம் ஏறுற வரைக்கும் சின்னப் பிள்ளைங்களோட உக்காந்து ஆடட்டும். பெட்டியைத் திறங்க, தினம் அரை நாழிகை விளையாட்டு"ன்னாரு ராஜா.

"மூணு நாழிகை"ன்னா சொர்ணத்தாய்.

"ஒண்ணு."

"ரெண்டரை. கொட்டை நான் தர்றேன்."

"ரெண்டு, அதோட விடும்மா"ன்னு கும்பிட்டாரு ராஜா.

அந்த வருசமே எவனோ ஒருத்தன் சொர்ணத்தாய்கிட்ட இன்னொரு ஓலையை நீட்டி, கீறல் போடச் சொன்னான். உலகி அதை ஊரு கேக்கப் படிச்சா, அவன் ஓடினவன்தான், இன்னும் ஓடிக்கிட்டு இருக்கான்.

ஆடின கைதான் எழுதும் பிள்ளைகளா. கல்லு அஞ்சும் கைக்குள்ள, கதை உங்க நெஞ்சுக்குள்ள, கண்ணை மூடுங்க.