கை தவறியது யாருக்கு?

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நீங்கள்தான் வரவேண்டும். அதனால் கவனமாகக் கேளுங்கள்.

தென்காசிப் பக்கத்துச் சிற்றூரில் மூன்று நண்பர்கள் இருந்தார்கள். செண்பகராமன் தையல்காரன். மாசிலாமணி விதைக்கடை வைத்திருந்தான். யாக்கோபு லாரி ஓட்டினான். ஆண்டுக்கு ஒருமுறை மூவரும் மலையடிவாரத்து ஓடைக்கரையில் போய்த் தங்குவார்கள். கூடாரம், ஸ்டவ், டார்ச்லைட் எதுவும் கிடையாது. மாசிலாமணியின் நீளமான வெட்டரிவாள் ஒன்றுதான். மூங்கில் வெட்டிப் பந்தல் போடவும், விறகு பிளக்கவும், கறி வெட்டவும் அதுவே.

கடைசியாகப் போனபோது செண்பகராமன் ஒரு பாட்டிலை மறைத்துக் கொண்டுபோனான். இனிக் குடிப்பதில்லை என்று மகள் தலையில் கைவைத்து மனைவி தமயந்தியிடம் சத்தியம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மற்ற இருவரும் அரிசி களைய ஓடைக்கு இறங்கியபோது குடித்தான். குடித்துவிட்டு விறகு பிளந்தான். அரிவாள் இடது கையில் இறங்கி இரண்டு விரல் போயிற்று.

மாசிலாமணி துண்டைக் கிழித்துக் கட்டி, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு ஓடினான். யாக்கோபு கூடவே ஓடினான். தோளில் கிடந்த செண்பகராமன் கெஞ்சினான்.

"மாசிலா, தமயந்திக்குத் தெரிஞ்சா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாடா. உன் கை தவறிட்டுன்னு சொல்லிரு. மாத்திச் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"சத்தியம்டா. பேசாம வா."

ஆஸ்பத்திரியில் தமயந்திக்குச் சாராய வாடை தெரிந்துவிட்டது. "என் பாட்டில்தாம்மா. வலி தாங்காம துடிச்சான், ரெண்டு வாய் ஊத்துனேன்" என்றான் மாசிலாமணி. அவன் ஆயுளில் அதைத் தொட்டதில்லை. யாக்கோபு பக்கத்தில் நின்றான், ஒன்றும் சொல்லவில்லை.

தமயந்தியின் அண்ணன் மகனுக்கு மாசிலாமணியின் மகள் கோமதியை நிச்சயம் செய்திருந்தார்கள். சில நாளில் தமயந்தி அண்ணனையும் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"குடிச்சிட்டு அரிவாளத் தூக்குற வீட்டுல எங்களுக்குப் பொண்ணு வேண்டாம்."

செண்பகராமன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் போனதும் கோமதி கேட்டாள். "அப்பா, நீங்க குடிப்பீங்களா?"

"ஆமா" என்றான் மாசிலாமணி.

மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் கல்யாணம் முடிந்தது. அந்தப் பந்தியில் உட்கார்ந்த யாக்கோபுவுக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்துபோய்த் தமயந்தியிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டான். அவள் அன்றே மகளோடு தாய்வீடு போனாள். கை போனதிலிருந்து ஒரு சொட்டும் தொடாத செண்பகராமன் மறுபடி குடிக்கத் தொடங்கினான். நிச்சயம் நின்றுபோன பெண் என்று கோமதிக்கு வரன் வரவில்லை. மூவரும் இப்போது ஒருவரைக் கண்டால் ஒருவர் தெரு மாறிப் போகிறார்கள்.

சத்தியம் கேட்டவன், காத்தவன், உண்மையைச் சொன்னவன். இவர்களில் கோமதிக்குப் பெரிய தீங்கு செய்தவன் யார்?

விடை: செண்பகராமன் என்பீர்கள். வாங்கிய சத்தியத்தை ஒரு வார்த்தையில் அவன் திருப்பிக் கொடுத்திருக்கலாம். யாக்கோபுவோ யாருக்கும் வாக்குக் கொடுக்காதவன். பேசியிருக்கவேண்டிய நாளில் வாய்மூடி இருந்தான். ஆனாலும் நான் மாசிலாமணி என்பேன். தன் பெயரைக் கெடுத்துக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு. மகளுடைய வாழ்க்கையைக் கொடுக்க உரிமை இல்லை. கோமதியிடமும் கேட்டேன். "அவங்க ரெண்டு பேர்ட்டயும் நான் எதுவும் கேக்கலையே" என்றாள். "அப்பாட்டதான கேட்டேன்."