காற்றறைக்குள் இருவர்

ஆற்றுக்கு அடியில் ரயில் போவதற்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டும் இயந்திரத்தின் முகப்பில் இரும்புப் பற்கள் உண்டு. அவை தேய்ந்துபோனால் ஆட்கள் முன்னால் போய்த்தான் மாற்ற வேண்டும். முன்னால் இருப்பதோ சேறும் ஆற்று நீரும். அது சரிந்து உள்ளே வராமல் காற்றை அழுத்தி நிறுத்தியிருப்பார்கள்.

அந்த அழுத்தத்துக்குள் நேராகப் போய்விட முடியாது. ஓர் இரும்பு அறையில் உட்கார வேண்டும். வெளியே இருப்பவர் வால்வைத் திறந்து அழுத்தத்தை ஏற்றி உள்ளே அனுப்புவார். வேலை முடிந்ததும் இறக்கி வெளியே எடுப்பார். ஏற்றுவது சீக்கிரம் முடிந்துவிடும். இறக்குவதற்குத்தான் நேரம் பிடிக்கும்; எவ்வளவு மெதுவாக என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. அவசரப்பட்டால், சட்டென்று திறந்த சோடா பாட்டிலைப் போல ரத்தத்துக்குள் நுரை கட்டிவிடும். மூட்டில் கட்டினால் வலி. முதுகுத்தண்டில் கட்டினால் ஆள் எழுந்து நடப்பதே சந்தேகம்.

அந்தக் காற்றறைக்குப் பொறுப்பாளர் மெஹருன்னிசா. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் ஏகாம்பரம். பல வருடம் பாலம் கட்டியவர், வயதிலும் மூத்தவர். ஆனாலும் சின்னவரிடம் பாடம் கேட்பதில் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை.

வந்த புதிதில் ஒரு நாள் கேட்டார்: "மேடம், வால்வுல உக்காந்தா எதைக் கவனிக்கணும்?"

"அழுத்தம் காட்டுற கேஜை."

"உள்ள இருக்கிறவங்களை?"

"உடம்புக்கு ஏதாவதுன்னா பாருங்க. மத்தபடி அவங்க முகத்தைப் பார்க்காதீங்க."

கொஞ்சம் ஈரமில்லாத பேச்சாகத்தான் அவருக்குப் பட்டது.

அறையின் சுவரில் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. வேலை முடிந்து வருகிறவர்கள் வியர்வையில் நனைந்து, பசியோடு அதன் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் கண்ணாடியைத் தட்டி, சீக்கிரம் என்று கையைக் காட்டுவார்கள். மற்ற வால்வுக்காரர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. ஏகாம்பரத்தால் அப்படி இருக்க முடியவில்லை. ஒரு தடவை வால்வைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

கேன்டீனில் யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. "ஏகாம்பரம் சார் டூட்டின்னா கவலையில்ல. தங்கமான மனுஷன்."

அன்று சாப்பாடு ருசித்தது.

பிறகு ஒரு நாள், அவர் வெளியே எடுத்த குழு சிரித்துப் பேசிக்கொண்டே டீ குடிக்கப் போனது. அதில் களஞ்சியம் என்று ஒருவர். ராமநாதபுரத்துக்காரர், முகப்பில் பல் மாற்றுவதில் கெட்டிக்காரர். அவர் கையிலிருந்த டீ தம்ளர் நழுவிக் கீழே விழுந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஏகாம்பரத்துக்கு என்னவென்று தெரிந்துவிட்டது. ஆனால் சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள்.

"ஒண்ணுமில்லப்பா. பல்லை இழுத்துத் திருகினதுல சுளுக்கிருக்கும்" என்றார். யாரிடமோ தைலம் வாங்கி, தன் கையாலேயே தேய்த்துவிட்டார்.

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?" என்று களஞ்சியம் கூச்சப்பட்டார்.

வலி குறையவில்லை. முழங்கைக்கு இறங்கியது. விஷயம் கேள்விப்பட்டு மெஹருன்னிசா வந்தார். களஞ்சியத்தை நடக்கச் சொன்னார், விரல்களை மடக்கச் சொன்னார். தள்ளிப் போய் நின்று டாக்டரோடு போனில் பேசினார். பிறகு ஏகாம்பரத்திடம் வந்தார்.

"எப்படி இறக்கினீங்க?"

"அட்டவணைப்படிதான் மேடம்."

மெஹருன்னிசா அவரை ஒரு கணம் பார்த்தார்.

"சரி. இவரை மறுபடி அழுத்தத்துல வச்சு மெதுவா இறக்கணும். கூட ஒருத்தர் உள்ள இருக்கணும். நீங்க போங்க."

"நானா?"

"நீங்க இன்னைக்கு உள்ள போகல. உடம்புத் தகுதியும் இருக்கு. போங்க."

சுரங்க வாயிலின் பக்கத்தில் சிகிச்சைக்கென்றே இன்னோர் இரும்பு அறை இருந்தது. இரண்டு படுக்கை, ஆக்சிஜன் முகமூடி, எப்போதும் திறந்தே இருக்கும் ஒலிபெருக்கி. உள்ளே பேசுவது வெளியேயும், வெளியே பேசுவது உள்ளேயும் கேட்கும். கதவு மூடியது. மெஹருன்னிசா வால்வில் உட்கார்ந்தார். அழுத்தம் ஏற ஏற அறை சூடானது. காது அடைத்தது. இருவர் குரலும் மூக்கால் பேசுவதுபோல் ஆகிவிட்டது.

கொஞ்ச நேரம் முகமூடி, கொஞ்ச நேரம் ஓய்வு. அப்படித்தான் அந்தச் சிகிச்சை. முதல் ஓய்வில் களஞ்சியம் முகமூடியைக் கழற்றினார். வலி சற்றுத் தணிந்திருந்தது.

"சார், என் உடம்புதான் கெட்டுப்போச்சோ? கூட வந்தவங்க எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?"

ஏகாம்பரம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"ராத்திரி சரியா தூங்கல சார். பிள்ளைக்குக் காய்ச்சல்னு வீட்ல பேசிட்டிருந்தேன். அதனாலதான்னு நினைக்கிறேன். டாக்டர் கேட்டா சொல்லிடாதீங்க, என்ன? அப்புறம் உள்ள விட மாட்டாங்க."

ஏகாம்பரத்தின் கையில் தைல வாசனை இன்னும் இருந்தது. அந்தச் சின்ன அறையில் அது போக வழியில்லை. கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். மெஹருன்னிசா கேஜையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு தடவை திரும்பி முறைத்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஓய்வு முடிந்தது. களஞ்சியத்துக்கு முகமூடியை மாட்டி, பட்டையை இழுத்துவிட்டார். இப்போது களஞ்சியத்தால் பேச முடியாது. இப்போதே சொல்லிவிட்டால் உடனே பதில் கேட்க வேண்டியதில்லை. அப்படி ஒரு கணக்கு மனத்தில் ஓடியது. அதை நினைத்தும் கூசியது. ஆனாலும் அதைவிட்டால் தைரியம் வராது என்று தெரிந்தது.

"களஞ்சியம். உன் உடம்புல குறையில்ல. தூக்கமும் காரணமில்ல. நான்தான் வால்வை அதிகமாத் திறந்தேன். இன்னைக்கு மட்டுமில்ல, கொஞ்ச நாளாவே அப்படித்தான். நீங்கல்லாம் சந்தோஷப்படுறீங்கன்னு..." நிறுத்தினார். "இல்ல. என்னை நல்லவன்னு சொல்றீங்கன்னு."

முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் அவரைப் பார்த்தன. பிறகு மேலே கூரையைப் பார்த்தன.

ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பினார். "மேடம், உங்ககிட்டயும் பொய் சொன்னேன். டாக்டர்கிட்ட சொல்லிடுங்க."

"நீங்க இறக்கின நேரத்தைப் பார்த்ததுமே சொல்லிட்டேன்" என்றது மெஹருன்னிசாவின் குரல்.

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். முகமூடிக்குள் மூச்சு போய்வரும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த ஓய்வு வரக்கூடாது என்று நினைத்தார். வந்தது.

களஞ்சியம் தானே முகமூடியைக் கழற்றினார்.

"நாங்களும்தான் கண்ணாடியைத் தட்டினோம்" என்றார்.

"தட்டினீங்க. என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

களஞ்சியம் தோளை மெல்ல அசைத்துப் பார்த்தார்.

"தைலம் தேய்ச்சீங்களே சார். அப்பவே தெரியுமா?"

இல்லை என்று சொல்ல நாக்கு புரண்டது. இந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டால் என்ன?

"தெரியும்" என்றார்.

களஞ்சியம் அவரைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஓய்வு முடிய நேரம் இருந்தும் முகமூடியை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

வெளியே மெஹருன்னிசா அழுத்தத்தைத் துளித்துளியாக இறக்கினார். ஏகாம்பரத்துக்குக் கால் மரத்தது, தாகம் எடுத்தது. ஒரு கட்டத்தில் அவர் கை தானாகக் கண்ணாடியை நோக்கிப் போனது. பாதியில் இழுத்துக்கொண்டார்.

களஞ்சியத்தின் தோள் சரியாகிவிட்டது. ஆனால் இனி அழுத்தத்துக்குள் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். களஞ்சியம் சுரங்கத்துக்குள் மண் ஏற்றிவரும் வண்டியை ஓட்டப் போனார். எதிரே ஏகாம்பரத்தைக் கண்டால் ஒதுங்கி வழி விடுவார். பேசுவதில்லை.

ஏகாம்பரத்தையும் வால்விலிருந்து எடுத்துவிட்டார்கள். ராஜினாமா செய்கிறேன் என்று போய் நின்றார். "அது உங்க இஷ்டம்" என்றார் மெஹருன்னிசா. ஏகாம்பரம் போகவில்லை. சுரங்கச் சுவருக்கான கான்கிரீட் துண்டுகளை இறக்கும் இடத்தில் வேலை பார்த்தார். அங்கே யாரும் அவரைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

சுரங்கம் ஆற்றின் மறுகரையை நெருங்கிய சமயத்தில் ஏகாம்பரம் மீது நடந்த விசாரணையும் அவருக்கான மறுபயிற்சியும் முடிந்திருந்தன. ஒரு காலையில் மெஹருன்னிசா அவரைக் கூப்பிட்டனுப்பினார். பல் மாற்றப் போகும் குழு காற்றறைக்குள் உட்கார்ந்திருந்தது. வால்வுக்கு எதிரே நாற்காலி காலியாக இருந்தது.

ஏகாம்பரம் எட்டியே நின்றார்.

"மேடம், வேற யாரையாவது போடுங்க. என் மேல எனக்கே நம்பிக்கை இல்ல."

"முன்னாடி இருந்துச்சா?"

"நிறைய இருந்துச்சு."

"அப்ப இனி கேஜைப் பார்ப்பீங்க. உக்காருங்க" என்றார் மெஹருன்னிசா.