மாமன் முழங்காலில் காந்தம்

செங்கோடனால் உட்கார முடியவில்லை. விஷயம் அவ்வளவுதான். இடது கால் பாதி மடங்கும், அதற்குமேல் மடங்காது.

ஆனால் குலசாமி கோயில் வாசலில் பலகை போட்டாகிவிட்டது. தாய்மாமன் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தங்கச்சி மகளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் மொட்டை. அதற்கப்புறம்தான் காதுகுத்து. நாவிதர் கத்தியோடு நிற்கிறார், ஆசாரி தோட்டோடு நிற்கிறார், இரண்டு வீட்டுச் சனமும் சுற்றி நிற்கிறது. செங்கோடன் குனிந்தான். பாதியில் நின்றான். திரும்ப நிமிர்ந்தான்.

"என்ன மச்சான், பலகையைக் கும்பிட்டது போதும். உட்காருங்க" என்றான் தங்கச்சி புருஷன் நல்லசிவம்.

சனம் சிரித்தது. பக்கத்தில் சித்தப்பா மகன் சுந்தரம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தான். முறைக்கு அவனும் மாமன்தான். அவனுக்கு இரண்டு காலும் மடங்கும். செங்கோடன் உட்காராவிட்டால் அவன் உட்கார்ந்துவிடுவான். அப்புறம் பாப்பாவுக்கு வரப்போகிற சீர் அத்தனைக்கும், கல்யாணம் வரைக்கும், மடியில் வைத்த மாமன் என்று அவனைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். கூடப்பிறந்த அண்ணன் இவன், பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

கால் மடங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் எதுவும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் செங்கோடன் போர்வெல் வண்டியில் வடக்கே ஊர் ஊராகச் சுற்றியவன். வண்டியில் டிவி கிடையாது, இவன் வாய்தான் உண்டு. அந்த வாய்க்கு உண்மை பேசிப் பழக்கமில்லை.

"உட்காரக் கூடாதுன்னு இல்ல மாப்ள. காந்தம் விட மாட்டேங்குது."

"எந்தக் காந்தம்?"

"என்ற முட்டிக்குள்ள வச்சிருக்கற காந்தம்."

சுந்தரம் வேட்டி முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தான். செங்கோடனுக்கு அது போதும். ஒருத்தன் நிமிர்ந்து பார்த்தால் இவன் வண்டி கிளம்பிவிடும்.

"மத்தியப் பிரதேசத்துல போர் போட்டுட்டு இருக்கோம். இருபதடிக் குழாய் சரிஞ்சு முட்டி மேல உழுந்துச்சு. முட்டி தேங்காச் சில்லாட்டம் தெறிச்சுப் போச்சு. அங்க ஒரு டாக்டரு. ஆணி அடிக்கறது, தகடு வைக்கறதெல்லாம் பழைய காலம், உனக்குக் காந்தம் வைக்கறேன்னாரு. தொடை எலும்புக்கு அடியில ஒண்ணு, கால் எலும்புக்குத் தலையில ஒண்ணு. ரெண்டும் ஒரே துருவம். ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே நிக்கும். எலும்பு எலும்பு மேல படாது, அந்தரத்துல மிதக்கும். முட்டி கோணாம நேராப் புடிக்கறதுக்குப் பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு குட்டிக் காந்தம். தேய்மானமே இல்ல. நான் செத்தாலும் முட்டி நடக்கும்."

உண்மையில் விழுந்தது குழாய் இல்லை, இவன்தான். செல்போனைப் பார்த்துக்கொண்டே வண்டிப் படியில் இறங்கினான். வைத்ததும் சாதாரணத் தகடுதான். தங்கச்சி வளர்மதிக்கு அது தெரியும். அவள் எதுவும் சொல்லவில்லை. மொட்டைக்கு முந்தி அண்ணன் மானத்தை வாங்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள்.

"அப்ப இரும்பு கிட்ட வந்தா ஒட்டுமாங்ணா?" சுந்தரம் கேட்டான்.

"ஒட்டுமாவா? மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறக்கறேன். நர்ஸம்மா கையில இருந்த தட்டுல கத்திரி, இடுக்கி, ஊசி ஒண்ணையும் காணோம். எல்லாம் என்ற முட்டியில உக்காந்திருக்கு, காக்கா மாதிரி."

"ஆஸ்பத்திரி ஊசி எவர்சில்வருங்ணா. அது காந்தத்துல ஒட்டாது."

"ஒட்டாதுதான். மத்ததெல்லாம் போயிருச்சே, நாம மட்டும் தட்டுல தனியாக் கெடக்கறமேன்னு வெக்கப்பட்டு வந்துச்சு."

வயசான பங்காளி ஒருத்தர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பக்கத்தில் நகர்ந்து வந்தார். செங்கோடன் குரலைக் கொஞ்சம் தூக்கினான்.

"இதெல்லாம் சின்ன விசயம். பாறையை ஒடைக்கற எங்க ஹேமரு குழிக்குள்ள உழுந்துருச்சு. எழுநூறு அடி. அது உழுந்தா அவ்ளோதான், போர் போச்சு, முதலாளி தலையில கைய வச்சு உக்காந்துட்டாரு. நான் நொண்டிக்கிட்டே போனேன். குழிக்கு நேரா இந்தக் காலை நீட்டினேன். கீழ கடகடன்னு சத்தம். ஹேமரு வருது. அது பின்னால, பக்கத்துத் தோட்டத்துக் குழியில எப்பவோ உழுந்த மோட்டாரு, மண்ணைத் தொளைச்சுக்கிட்டு வருது. சும்மா வரல மாப்ள. ஓடிக்கிட்டே வருது. தண்ணி ஊத்திக்கிட்டே வருது."

"கரண்டு?" நல்லசிவம் கேட்டான்.

"அதான் எங்களுக்கும் இன்னும் புரியல."

இந்தத் தடவை நாவிதரும் சிரித்துவிட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மடப்பள்ளியிலிருந்து பொங்கல் அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. யாரும் அதைப் பார்க்கப் போகவில்லை. செங்கோடனுக்குத் தான் எதற்கு நிற்கிறோம் என்பதே மறந்து போயிருக்க வேண்டும்.

"ரயில்ல ஊருக்கு வந்தனுங்க. ஈரோட்டுல எறங்கி நடக்கறேன். பின்னால சத்தம். திரும்பிப் பாத்தா, இஞ்சின் தண்டவாளத்தை விட்டு எறங்கி என்ற பின்னாலயே வருது. நான் நின்னா நிக்குது. நடந்தா நடக்குது. டீக்கடையில ஒதுங்கினேன், அதுவும் ஒதுங்குது. ஸ்டேஷன் மாஸ்டரு ஓடி வந்து கையெடுத்துக் கும்பிடறாரு. 'கண்ணு, உள்ள ஆயிரம் சனம் இருக்குது. நீ கொஞ்சம் தண்டவாளத்து ஓரமாவே நடந்து போய், வண்டியக் கரூர்ல விட்டுட்டுப் போயிரு சாமி'ன்னாரு."

"விட்டீங்களா?"

"விட்டேன். கரூர்ல பத்து நிமிசம் முன்னாடியே போய்ச் சேந்துருச்சு. அங்க இருக்கறவங்க நம்பவே இல்ல. வண்டி முன்னாடி வந்ததை."

அந்த நேரத்தில்தான் வளர்மதி கோயில் கொட்டகையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். "பூசாரிகிட்டக் கேட்டுட்டேன். கால் முடியாதவங்க இதுல உக்காரலாமாம். உக்காரு அண்ணா."

முதலிலேயே கேட்டிருந்தால் முதலிலேயே கிடைத்திருக்கும். செங்கோடன் நாற்காலியைப் பார்த்தான். நல்லசிவமும் பார்த்தான். அது முழுக்க இரும்பு.

"இதுல எப்படி உக்காருவாரு?" என்றான் நல்லசிவம், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "ரயிலையே இழுத்த காலு. நாற்காலி ஒட்டிக்கிட்டா அதைப் பந்திக்கும் தூக்கிட்டு வரணும். அதை விடுங்க. பாப்பா மடியில இருப்பா, அவ தலையில கத்தி இருக்கும். கத்தியும் இரும்பு."

நாவிதர் கத்தியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவர் நம்பவில்லை. ஆனால் குழந்தைத் தலை, எதற்கு வம்பு.

"அதுவும் சரிதானுங்களே" என்று சுந்தரம் பலகையில் உட்கார்ந்தான். சம்மணம் போட்டான். எவ்வளவு சுலபமாக மடங்கின அந்தக் கால்கள். "பாப்பா, இங்க வா."

பொய் என்று ஒத்துக்கொண்டால் மடி கிடைக்கும், ஆனால் இந்தச் சனம் சாகிற வரைக்கும் சிரிக்கும். ஒத்துக்கொள்ளாவிட்டால் பாப்பா சுந்தரம் மடிக்குப் போய்விடுவாள். பாப்பா, அதாவது தன்ஷிகா, பட்டுப்பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"இருடா சுந்தரம். எந்திரி" என்றான் செங்கோடன். "நான் இன்னும் முடிக்கல. ஆபரேசனுக்கு முந்தி டாக்டரு கேட்டாரு, 'உனக்குத் தங்கச்சி இருக்குதா?' இருக்குன்னேன். 'தங்கச்சிக்குப் புள்ள?' இருக்குன்னேன். 'காது குத்தியாச்சா?' இன்னும் இல்லீங்கன்னேன். அப்படியே கத்தியக் கீழ வச்சுட்டாரு மனுசன். 'நல்லவேளை சொன்னே. அப்ப சுவிட்சு வைக்கணும்'ன்னு ஒண்ணு வச்சாரு."

"எங்க வச்சாரு?" என்றான் நல்லசிவம்.

"மடியில. பாப்பா உக்காந்தா அமுங்கும், காந்தம் நின்னு போகும். அவ எடைக்குன்னே செஞ்சது மாப்ள. வேற எவன் வந்து உக்காந்தாலும் அமுங்காது."

நல்லசிவம் விலகி வழி விட்டான். வளர்மதி மகளைத் தூக்கினாள். அண்ணனை நாற்காலியில் தள்ளி உட்கார வைத்தாள். இடது கால் குச்சி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டது. மகளை மடியில் வைத்தாள். எல்லோரும் நாவிதரின் கத்தியைப் பார்த்தார்கள். கத்தி அவர் கையிலேயே இருந்தது.

"டக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சே, கேட்டீங்களா?" என்றான் செங்கோடன்.

"கேட்டுச்சு" என்றார் வெற்றிலைப் பங்காளி. பொய்.

சுந்தரம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான்.

வளர்மதி குனிந்து அண்ணன் காதில் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் முன்வரிசைக்கே கேட்டது. "இனிமே வாயத் தொறக்கக் கூடாது. நீ பேசினா இவ சிரிப்பா, சிரிச்சா தலைய ஆட்டுவா. காது குத்தி முடியற வரைக்கும் ஒரு வார்த்தை வரக் கூடாது. புரியுதா?"

செங்கோடன் தலையாட்டினான்.

மொட்டை வரைக்கும் சத்தியமாகப் பேசவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலது காதும் முடிந்தது. அப்போதுதான் பாப்பா வீறிட்டாள். இடது காதைக் கையால் மூடிக்கொண்டு மாமன் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நல்லசிவம் கெஞ்சினான். சுந்தரம் மிட்டாய் காட்டினான். ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு, "இப்படி இருந்தா நான் எங்க குத்தறது?" என்றார்.

வளர்மதி அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டாள். சட்டென்று தன் உதட்டில் விரலை வைத்தாள். அவனும் அந்த விரலைப் பார்த்தான்.

"கண்ணு" என்றான். "மாமன் போன அமாவாசைக்குத் தெரியாம வடக்க தலைய வச்சுப் படுத்துட்டேன். முட்டியில காந்தமா? படுத்ததும், பூமி அப்படியே பொரண்டு படுத்துருச்சு. விடியவே மாட்டேங்குது. யாரோ கதவைத் தட்டறாங்க. தொறந்தா, சூரியன் நிக்குது. வேர்த்து ஊத்துது அதுக்கு. 'மாமா, கொஞ்சம் எந்திரிச்சு நேராப் படுத்தீங்கன்னா நான் வேலைக்குப் போவேன். எந்தப் பக்கம் உதிக்கறதுன்னே தெரியல'ங்குது."

பாப்பா கையை எடுத்துவிட்டாள். "சூரியனா?" என்றாள். அப்புறம் சிரித்தாள், மொட்டைத் தலை முழுக்க ஆட. ஆசாரி ஊசியை ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தார்.

இன்றைக்கும் தன்ஷிகாவுக்கு இடது தோடு வலது தோட்டைவிட ஒரு நூல் மேலே இருக்கும். பேசாதே என்றுதான் வளர்மதி சொல்லியிருந்தாள்.